சுழற்சிமுறைப் பயிற்சியில் கொள்முதல் துறை: ஆறு மாதத்தில் எதைக் கற்பது, எதை ஒப்படைத்துவிட்டுப் போவது

உங்கள் கேள்வியின் சாரம் இது. இயந்திரப் பொறியியல் முடித்து, ஒரகடம் பகுதியில் உள்ள வாகன நிறுவனம் ஒன்றில் பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சியில் ஆறு மாதத்துக்கு ஒன்றாக நான்கு துறைகளில் பணியாற்ற வேண்டும். முதல் சுற்று கொள்முதல் துறை என்று ஆணை வந்திருக்கிறது. உடன் சேர்ந்தவர்கள் வடிவமைப்புக்கும் உற்பத்திக்கும் போயிருக்க, தான் மட்டும் விலை பேசும் வேலைக்கு அனுப்பப்பட்டதாக உங்களுக்கு வருத்தம். படித்த பொறியியல் மறந்துவிடுமா, ஆறு மாதத்தில் உருப்படியாக எதையாவது கற்க முடியுமா, பயிற்சி முடிந்தபின் இதிலேயே நிலைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாகனத் துறைக் கொள்முதலில் நெடுங்காலம் பணியாற்றியவன், உங்களைப் போன்ற பயிற்சியாளர்கள் பலருடன் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆணையை மாற்றித் தரும்படி கேட்காதீர்கள். ஒரு நிறுவனத்தை முழுமையாகப் பார்ப்பதற்குக் கொள்முதலைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் இந்த ஆறு மாதத்தை வீணாக்குவதும் மிக எளிது. எத்தனை ரூபாய் குறைத்தேன் என்று கடைசி நாளில் காட்ட ஓர் எண்ணைத் தேடி அலைபவர்கள் அந்த எண்ணைத் தவிர வேறு எதையும் கற்காமல் போய்விடுகிறார்கள். அவர்கள் போன பிறகு அந்த எண்ணால் விளைந்த சிக்கல்களை வேறொருவர் சுமக்கிறார். எனவே என் ஆலோசனையின் மையம் இது: ஒரே ஒரு உதிரிபாகத்தைத் தேர்ந்தெடுங்கள், அதன் வரைபடத்திலிருந்து, அதைச் செய்பவருக்குப் பணம் போய்ச் சேரும் நாள்வரை முழுவதுமாகப் பின்தொடருங்கள், போகும்போது, நீங்கள் தொட்ட எதுவும் அந்தரத்தில் நிற்காதபடி ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

முதலில் துறையின் எடையைப் பற்றி. இந்தியாவின் கார் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், விற்பனை வருவாயில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மூலப்பொருள்களுக்கும் வாங்கிய உதிரிபாகங்களுக்கும் செல்வதைக் காணலாம். வாகன நிறுவனம் என்று நாம் அழைப்பது பெரும்பாலும் உடல்பாகங்களை அச்சழுத்தி, பற்றவைத்து, வண்ணம் பூசி, பிறர் செய்த ஆயிரக்கணக்கான பாகங்களைப் பொருத்தும் இடம்தான். கணக்குக்காக, 100 ரூபாய் விற்பனையில் 70 ரூபாய் கொள்முதல், 8 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் செலவை 1 சதவீதம் குறைத்தால் 70 காசு மிச்சமாகி, லாபம் 8 ரூபாய் 70 காசாக உயர்கிறது. இதே உயர்வை விற்பனையின் வழியாக அடைய வேண்டுமானால், லாப விகிதம் மாறாத நிலையில், ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதலாக விற்க வேண்டும். மேலிடம் ஏன் கொள்முதல் துறையை விடாமல் நெருக்குகிறது என்பது இதிலிருந்து விளங்கும். அந்த நெருக்கடி அப்படியே சப்ளையர் மீது இறங்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் நீங்கள் நேரில் பார்த்துக் கற்க வேண்டியது.

துறைக்குள் நுழைந்ததும் மூன்று வகை மனிதர்களைப் பார்ப்பீர்கள். புதிய பாகங்களுக்கு யாரிடம் வாங்குவது, என்ன விலை என்று முடிவுசெய்யும் சோர்சிங் பொறியாளர்கள் ஒரு பக்கம். முடிவான விலையில், உற்பத்தித் திட்டத்துக்கு ஏற்ப, நாள்தோறும் எவ்வளவு வர வேண்டும் என்று அட்டவணை போட்டு, வராத சரக்கைத் துரத்திப் பிடிப்பவர்கள் இன்னொரு பக்கம். சப்ளையரின் தொழிற்கூடத்தில் தரத்தைச் சரிபார்க்கும் பொறியாளர்கள் மூன்றாவது. சில நிறுவனங்களில் இவர்கள் தரக்கட்டுப்பாட்டுத் துறையின் கீழ் வருவார்கள். பயிற்சியாளரைப் பெரும்பாலும் முதல் பிரிவில் உட்காரவைத்து, விலைப்புள்ளிகளை எக்செல்லில் ஒப்பிடும் வேலையைக் கொடுப்பார்கள். அதை முகம் சுளிக்காமல் நன்றாகச் செய்யுங்கள். ஆனால் ஆறு மாதமும் அதிலேயே கழிய விடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் மேலாளரிடம் போய், ‘எனக்கென்று ஒரு பாகத்தைக் கொடுங்கள், அதன் முழுப் பொறுப்பையும் உங்கள் மேற்பார்வையில் பார்க்கிறேன்’ என்று கேளுங்கள். இப்படிக் கேட்கும் பயிற்சியாளரை மறுத்த மேலாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்களுக்கு எப்போதும் கைபோதாத நிலைதான்.

எந்தப் பாகம் என்று கேட்டால், இயந்திரப் பொறியாளரான உங்களுக்கு ஒரு அலுமினிய வார்ப்புப் பாகம் நல்லது. செயல்முறை கண்ணுக்குத் தெரியும், கணக்கு கையில் பிடிபடும், அம்பத்தூரிலிருந்து கோயம்புத்தூர் வரை அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நீங்களே விலை கட்டிப் பாருங்கள். சப்ளையரின் விலைப்புள்ளியைத் திறப்பதற்கு முன்பே கட்டுங்கள். பார்த்துவிட்டுக் கட்டினால் கணக்கு அவருடைய எண்ணை நோக்கியே வளையும்.

ஒரு மாதிரிக் கணக்கைச் சொல்கிறேன். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக வைத்தவை, சந்தை நிலவரம் அல்ல. பாகத்தின் நிகர எடை 1.2 கிலோ. உருக்கும்போது ஏற்படும் இழப்பு 5 சதவீதம். ஏ.டி.சி. 12 உலோகக் கலவை கிலோ 220 ரூபாய். ஆக, மூலப்பொருள் 277 ரூபாய். உருகிய உலோகத்தை ‘டை’ எனும் உலோக அச்சுக்குள் அழுத்தி வார்க்கும் 400 டன் டை காஸ்டிங் எந்திரத்தின் மணிக்கட்டணம் 1,600 ரூபாய்; ஒரு வார்ப்புக்கு 60 விநாடி; ஒரு முறைக்கு ஒரு பாகம்; எந்திரத்தின் செயல்திறன் 85 சதவீதம். மணிக்கு 51 பாகம், ஒன்றுக்கு 31 ரூபாய் சொச்சம். பிசிறு நீக்கி, சிறு உலோகக் குண்டுகளை வீசி மேற்பரப்பைச் சுத்தம்செய்யும் ஷாட் பிளாஸ்டிங் செய்ய 12 ரூபாய். கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. எந்திரத்தில் கடைசல் வேலை 4 நிமிடம், மணிக்கு 450 ரூபாய், அதே செயல்திறன். ஒன்றுக்கு 35 ரூபாய். இதுவரை 356 ரூபாய். ரிஜெக்ஷனுக்கு 3 சதவீதம், 10 ரூபாய் 70 காசு. மேற்செலவும் லாபமும் சேர்த்து, செயல்முறைச் செலவில் 15 சதவீதம், 11 ரூபாய் 80 காசு. பொதியும் போக்குவரத்தும் 8 ரூபாய். மொத்தம் 386 ரூபாய். டையை வாங்கும் நிறுவனமே தன் பணத்தில் செய்துதந்தது என்று கொள்வதால் அதன் செலவை இதில் சேர்க்கவில்லை.

இந்த 386 ரூபாயைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். இதில் 277 ரூபாய் உலோகத்தின் விலை. அதில் சப்ளையருக்கு எந்தப் பிடியும் இல்லை. அவருடைய கையில் இருப்பது எந்திரமும் உழைப்புமாகச் சேர்ந்த 79 ரூபாய் மட்டுமே. இப்போது ஆண்டுதோறும் நடப்பதுபோல், ‘5 சதவீதம் குறையுங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் போகிறது. 386-இல் 5 சதவீதம் 19 ரூபாய். உங்கள் கணினியில் அது சிறிய எண். அவருக்கோ, மேற்செலவுக்கும் லாபத்துக்குமாக ஒதுக்கிய 11 ரூபாய் 80 காசு முழுவதையும் கொடுத்த பிறகும் ஏழு ரூபாய்க்கு மேல் துண்டு விழுகிறது. செயல்முறைச் செலவில் நான்கில் ஒரு பங்கைக் கேட்கிறோம் என்பதைக் கேட்பவரே அறிவதில்லை. ஆர்டர் போய்விடும் என்ற அச்சத்தில் அவர் ஒப்புக்கொள்வார். பிறகு அந்தப் பணத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். கலவையில் மறுசுழற்சி உலோகம் கூடும். டை பராமரிப்பு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். எக்ஸ்-ரே சோதனைக்கு எடுக்கும் மாதிரிகள் குறையும். சில மாதங்கள் கழித்து வார்ப்பில் நுண்துளைகள் பெருகி, எண்ணெய்க் கசிவுச் சோதனையில் பாகங்கள் தோற்கும்போது, நீங்கள் மூன்றாவது சுற்றில் வேறொரு துறையில் இருப்பீர்கள்.

இதே பாகத்துக்கு அவர் 430 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 44 ரூபாய் வித்தியாசம். ‘ஏன் அதிகம்’ என்று கேட்காதீர்கள். வரிசை வரிசையாக இரு கணக்குகளையும் பக்கத்தில் வைத்து, எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். ஒரு வார்ப்புக்கு 60 விநாடி என்று நீங்கள் எழுதிய இடத்தில் அவர் 90 விநாடி எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரியில் மட்டும் கிட்டத்தட்ட 16 ரூபாய் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால், பாகத்தின் ஒரு மூலையில் சுவர் தேவையில்லாமல் தடித்திருப்பதும், அந்த இடம் இறுகும்வரை டையைத் திறக்க முடியாமல் எந்திரம் காத்திருப்பதும் தெரியவரும். அந்தத் தடிமன் வேண்டியதுதானா என்று வடிவமைப்புத் துறையிடம் கேளுங்கள். வேண்டியதில்லை என்றால், மாற்றுவதால் எடையும் குறையும், நேரமும் குறையும். சப்ளையரின் லாபத்தில் ஒரு காசுகூடத் தொடாமல் விலை இறங்கும். படித்த பொறியியல் மறந்துவிடுமோ என்று கேட்டீர்களே. உலோகம் இறுகும் நேரத்தையும் சுவர் தடிமனையும் ரூபாயோடு இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு வடிவமைப்புத் துறைக்குப் போன உங்கள் நண்பர்களுக்கு முதல் ஆறு மாதத்தில் கிடைப்பது அரிது.

சப்ளையர் கூடங்களுக்கு எவ்வளவு போக முடியுமோ அவ்வளவு போங்கள். மாநாட்டு அறையில் காட்டும் படங்களோடு திரும்பிவிடாமல், எந்திரத்தின் அருகே நின்று கடிகாரத்தைப் பாருங்கள். ரிஜெக்ஷன் தொட்டியில் என்ன கிடக்கிறது, எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று பாருங்கள். உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமான டைகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன, அவற்றில் சொத்து எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா, எத்தனை ஷாட் (வார்ப்புச் சுற்று) ஓடியிருக்கின்றன என்ற பதிவு உண்டா என்று கேளுங்கள். பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள உங்கள் நிறுவனத்தின் சொத்து இன்னொருவரின் கூரையின் கீழ் இருக்கிறது என்பதைப் பலர் ஆண்டு இறுதித் தணிக்கையின்போதுதான் நினைக்கிறார்கள். கேள்விகளை மரியாதையோடு கேளுங்கள். எதிரே நிற்கும் ஃபோர்மேன் அண்ணன் நீங்கள் பிறப்பதற்கு முன்பே உலோகம் ஊற்றத் தொடங்கியவராக இருக்கலாம். ‘இதை எப்படிச் செய்கிறீர்கள்ணே’ என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டால், எந்தப் பாடநூலிலும் இல்லாததை அவர் சொல்லித் தருவார்.

அடுத்தது, பயிற்சியாளர்கள் அநேகமாகத் திரும்பியே பார்க்காத பகுதி: பணம் போய்ச் சேரும் வழி. சரக்கு வாசலுக்கு வந்ததும் ஸ்டோர்ஸில் பெறுகைக் குறிப்பு போட வேண்டும். தரச் சோதனை முடிய வேண்டும். கொள்முதல் ஆணை, பெறுகைக் குறிப்பு, விலைப்பட்டியல் மூன்றும் அளவிலும் விலையிலும் ஒத்துப்போக வேண்டும். அதன் பிறகே கணக்குத் துறை பணத்தை விடுவிக்கும். இந்தச் சங்கிலியில் எங்கே நின்றாலும் சப்ளையர் உங்களைத்தான் அழைப்பார். அந்த அழைப்பை எடுத்து, எந்த மேசையில் எதனால் நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்குப் பணம் தருவது, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது; ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள் தந்துவிட வேண்டும். தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் வழியாக வருமான வரிச் சட்டத்திலும் ஒரு விதி சேர்க்கப்பட்டது: இந்தக் கெடுவுக்குள் தராமல் நிதியாண்டின் முடிவில் நிலுவையில் வைத்த தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது, உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் கழிக்கலாம். இந்த விதி வந்த பிறகு, நம்முடைய சப்ளையர்களில் யாரெல்லாம் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கணக்குத் துறைகள் தாமாகவே கேட்கத் தொடங்கின. உங்கள் துறையில் அந்தப் பட்டியல் பழையதாக இருந்தால், அதைப் புதுப்பிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். யாரும் விரும்பாத வேலை, ஆனால் சப்ளையர் ஒவ்வொருவருடனும் பேச உங்களுக்கு ஒரு நியாயமான காரணம் கிடைக்கும்.

பணத் தாமதம் விலையோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதை மேலே சொன்ன பாகத்திலேயே காணலாம். 277 ரூபாய் உலோகத்தை அவர் ரொக்கத்துக்கு வாங்கி, நாம் 60 நாள் கழித்துப் பணம் தந்தால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஒரு பாகத்துக்கு ஐந்தரை ரூபாய் வட்டி ஆகிறது. அவருடைய மேற்செலவுக்கும் லாபத்துக்குமான தொகையில் ஏறத்தாழப் பாதி. விலையைக் குறைக்க வேறு வழியே இல்லை என்று சொல்லும் பல சப்ளையர்கள், பணம் ஒரு மாதம் முன்னதாக உறுதியாக வரும் என்றால் தாமாகவே இறங்கி வருவார்கள். பெரிய நிறுவனம் தன் வங்கிக் கடனுக்குத் தரும் வட்டி பெரும்பாலும் சிறிய நிறுவனம் தரும் வட்டியைவிடக் குறைவு. எனவே இருவருக்கும் ஆதாயமான பேரம் இங்கே இருக்கிறது. விலைப்பட்டியலை வைத்து முன்கூட்டியே பணம் பெறும் டிரெட்ஸ் தளங்களும் இதற்காகவே உருவானவை.

உலோக விலைத் திருத்தம் இதைவிடக் கூர்மையானது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் காலாண்டுக்கு ஒருமுறை சந்தை விலையோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் நம் பாகத்தின் விலை 12 ரூபாய் 60 காசு ஏற வேண்டும். திருத்த ஆணை மூன்று மாதம் கோப்பில் தூங்கினால், அந்த மூன்று மாதமும் அவர் தன் கைப்பணத்தைப் போட்டு நமக்குப் பாகம் தருகிறார். இந்தத் திருத்த வேலை பெரும்பாலும் பயிற்சியாளரின் மேசைக்கே வரும், சலிப்பூட்டும் எழுத்து வேலை என்ற பெயரோடு. அதை உரிய நாளில் முடித்துக் கொடுப்பது நீங்கள் அந்தத் துறைக்குச் செய்யக்கூடிய மிக மதிப்புள்ள பணிகளில் ஒன்று. உலோகம் இறங்கும் காலாண்டில் நாம் எவ்வளவு விரைவாகத் திருத்துகிறோமோ, ஏறும் காலாண்டிலும் அவ்வளவு விரைவாகத் திருத்துகிறோமா என்று பாருங்கள். ஒரு கொள்முதல் துறையின் நேர்மையை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்.

இனி, சுழற்சிமுறைப் பயிற்சிக்கே உரிய ஆபத்தைப் பற்றி. ஆறு மாதத்தில் நீங்கள் போய்விடுவீர்கள். சப்ளையர் இருப்பார், நீங்கள் சொன்ன சொல்லும் அவரிடம் இருக்கும். பயிற்சியாளருக்கு எதையும் முடிவுசெய்யும் அதிகாரம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வரும் எவரையும் அவர் நிறுவனமாகவே பார்க்கிறார். உற்சாகத்தில் ‘இந்த விலைக்கு வந்தால் அடுத்த மாடலும் உங்களுக்கே வரும்’ என்றோ, ‘அளவு இரட்டிப்பாகும்’ என்றோ சொல்லிவிட்டால், அதை நம்பி ஒருவர் வங்கிக் கடனில் எந்திரம் வாங்கிவிடக்கூடும். மிகைப்படுத்தவில்லை, சிறு தொழில் நடத்துபவர்கள் வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லை நம்பித்தான் பெரும்பாலான முதலீட்டு முடிவுகளை எடுக்கிறார்கள். 2021-இல் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலை நகர் ஆலையை நம்பியிருந்த உதிரிபாகக் கூடங்கள் எப்படித் தவித்தன என்பதை இந்தப் பகுதியில் பலரும் நேரில் கண்டிருக்கிறார்கள். அது பெருநிறுவனத்தின் முடிவு. ஆனால் ஒரு கூடத்தின் விற்பனையில் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரிடம் இருக்கும்போது, அந்த வாடிக்கையாளரின் பெயரால் பேசுபவர் யாராக இருந்தாலும் எவ்வளவு கவனமாகப் பேச வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

ஆகவே ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் அன்றே ஒரு சிறு மின்னஞ்சல் எழுதுங்கள்: என்ன பேசினோம், எது முடிவானது, எது முடிவாகவில்லை, யாருடைய ஒப்புதலுக்கு உட்பட்டது. மேலாளரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது மாதத்தின் தொடக்கத்திலேயே ஒப்படைப்புக் குறிப்பை எழுதத் தொடங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் எழுதுவது குறிப்பாக இராது, வெறும் கோப்புப் பட்டியலாகத்தான் இருக்கும். நல்ல குறிப்பில், நிலுவையில் உள்ள விலைத் திருத்தங்கள், பாதியில் நிற்கும் மாதிரி ஒப்புதல்கள், ஒவ்வொரு சப்ளையரிடமும் நிறுவனம் தந்திருக்கும் வாக்குறுதிகள், அவர்கள் நமக்குத் தந்திருப்பவை, டைகள் இருக்கும் இடம் ஆகியவை இருக்க வேண்டும். முக்கியமாக, எடுத்த முடிவுகளுக்கான காரணம் இருக்க வேண்டும். குறைந்த விலை கேட்டவரை விட்டுவிட்டு இரண்டாமவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதாமல் போனால், அடுத்து வரும் பயிற்சியாளர் அதையே ‘சேமிப்பு வாய்ப்பு’ என்று கண்டுபிடித்து, பழைய சிக்கலைப் புதிதாகத் தொடங்கிவைப்பார். முடிந்தால் அடுத்து வருபவரை நேரில் அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள். சப்ளையருக்கும் மேலாளருக்கும் பின்னாளில் உங்களை நினைவிருக்கும்.

விலையைத் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு, கொள்முதல் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் சந்திக்கும் ஒரு கருவி உண்டு. பீட்டர் கிராலிச் 1983-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையில், வாங்கும் பொருள்களை, நிறுவனத்தின் லாபத்தில் அவற்றின் பங்கு, கிடைப்பதில் உள்ள இடர் என்ற இரு அச்சுகளில் நான்காகப் பிரித்தார். விலை குறைவாக இருந்தும் கிடைப்பது அரிதான பொருள்களின் கட்டத்தில்தான் ஆலைகள் நின்றுபோகின்றன. 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை எரிந்தபோது, பின்சக்கர பிரேக் அழுத்தத்தை ஒழுங்குசெய்யும் ஒரு சிறிய வால்வு இல்லாமல் ஜப்பானில் டொயோட்டாவின் உற்பத்தி சில நாள்கள் ஏறத்தாழ முழுவதும் நின்றது. அந்த வால்வு அநேகமாக அந்த ஓர் ஆலையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 2021 மார்ச்சில் ஜப்பானிய சிப் நிறுவனமான ரெனேசாஸின் நாக்கா ஆலையில் ஏற்பட்ட தீ, ஏற்கெனவே இருந்த சிப் தட்டுப்பாட்டை மேலும் கடுமையாக்கியது. 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றதும், இந்தியாவின் மின்வாகன மோட்டார்களுக்கான காந்தங்களைத் தேடிக் கொள்முதல் துறைகள் அலைந்தன.

இவற்றில் கரியா நிகழ்வைச் சற்று விரிவாகப் படித்துப் பாருங்கள். தீக்குப் பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வரைபடங்களைப் பகிர்ந்துகொண்டு, தங்களிடம் இருந்த எந்திரங்களில் அந்த வால்வைச் செய்யத் தொடங்கின. விலை என்ன, செலவை யார் தருவது என்று பேசி முடிக்கும்வரை எவரும் காத்திருக்கவில்லை. பல ஆண்டுகளாக நியாயமாக நடத்தப்பட்ட சப்ளையர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது என்று நம்புகிறேன். உங்கள் துறையில் ஒரே ஒருவரிடம் மட்டும் வாங்கும் பாகங்களின் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு செய்ய எத்தனை மாதம் ஆகும், டையும் மாதிரி ஒப்புதலும் சேர்த்து என்ன செலவாகும் என்று குறித்தால், அது ஒரு பயிற்சித் திட்டத்துக்கே போதுமான பணி.

நேர்மை பற்றிச் சுருக்கமாக. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வரும். கூடத்துக்குப் போனால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பார்கள். நிறுவனத்தின் விதியை முதல் நாளே படித்துவிடுங்கள். தொழிற்கூடத்தின் கேன்டீனில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடுவதில் தவறில்லை. வீட்டுக்கு வரும் எதையும் மேலாளருக்கு எழுதித் தெரிவித்துத் திருப்பி அனுப்புங்கள். ஒருவரின் விலைப்புள்ளியை இன்னொருவருக்குக் காட்டி விலை குறைப்பதை யாராவது சாமர்த்தியம் என்று சொல்லித் தந்தால், அதைக் கற்காதீர்கள். ஒருமுறை செய்தாலும் அந்த வட்டாரம் முழுவதும் தெரிந்துவிடும். அதன் பிறகு எவரும் உண்மையான விலையை உங்களிடம் எழுத மாட்டார்கள்.

இதிலேயே நிலைக்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கு இப்போதே விடை தேட வேண்டாம். அடுத்த சுற்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், சப்ளையர் தரப் பிரிவைக் கேளுங்கள். நீங்கள் விலை பேசிய அதே பாகம் எப்படித் தேறுகிறது, எப்படித் தோற்கிறது என்பதை மறுபக்கத்திலிருந்து காண்பீர்கள். அதன் பிறகு உற்பத்தி. பாகம் வராமல் லைன் நிற்கும்போது அங்கே நிற்பவர்களின் நிலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டவர் கொள்முதலுக்குத் திரும்பினால் அவருடைய முடிவுகளில் அது தெரியும். சான்றிதழ் வேண்டுமென்றால், கொள்முதல் துறையினருக்கான பிரிட்டனின் சிப்ஸ் (CIPS) அமைப்பின் தகுதித் தேர்வுகளும், இந்தியப் பொருள் மேலாண்மைக் கழகத்தின் படிப்புகளும் இருக்கின்றன. ஆனால் இரண்டு ஆண்டு வேலைக்குப் பிறகு படித்தால்தான் அவற்றின் பாடங்கள் மனத்தில் ஒட்டும்.

பயிற்சி முடிந்து நிரந்தரப் பணியிடம் கேட்கும்போது கொள்முதலுக்கே மனம் போனால், வெறுமனே கொள்முதல் துறை என்று கேட்காதீர்கள்; வார்ப்பு, ஃபோர்ஜிங், ரப்பர், பிளாஸ்டிக், மின்னணுவியல் என்று எந்த வகைப் பொருளில் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உங்கள் படிப்புக்கு வார்ப்பும் ஃபோர்ஜிங்கும் இயல்பாகப் பொருந்தும். மின்வாகனங்கள் பெருகிவரும் இந்தக் காலத்தில் மோட்டாரும் பேட்டரி உறையும் சேர்ந்த பிரிவு கிடைத்தால் அதையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.